சோலைபாடிக்கு மட்டும்

குஸ்ரினிக்குப் போய் இப்படி உட்கார்ந்து செய்யும் தொழில் எப்படி வாய்த்தது என்பது கிளாத்தன் ஊரில் அவளைத் தெரிந்த யாருக்கும் விளங்காத விஷயம். அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் அவள் தையல் மெஷின் முன்னால் இருந்தால் அன்று அவளுக்குக் காய்ச்சல் என்று அர்த்தம். ஒரு தையல் ஓட்டுவாள். எழுந்து வாசலுக்குப் போய்த் தெருவை இரண்டு பக்கமும் பார்ப்பாள். உள்ளே வந்து அடுப்பில் இருக்கிற தெம்பே சோயாத் துண்டுகளைத் தேவையில்லாமல் புரட்டுவாள். மறுபடி ஒரு தையல். புருஷன் பாக்யோ நேர் எதிர். உரக்கடையில் மூட்டை எடைபோட்டுவிட்டு வீடு திரும்பினால், சோலைபாடிக் கூண்டுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்வதோடு சரி. பக்கத்து வீடு தீப்பிடித்தாலும் பறவை பாடி முடித்த பிறகுதான் எழுந்து போவான்.

அந்தச் சந்தில் மட்டும் அவளைச் சேர்த்து ஐந்து தையல்காரிகள். ஐந்து பேர் வாசலிலும் ஒரே பலகை: எல்லாவிதத் துணிகளும் தைத்துத் தரப்படும். சீருடை, திரைச்சீலை, தொழுகை அங்கி, நாற்காலி உறை, எது வந்தாலும் குஸ்ரினி தைத்தாள். வராத நாட்களே அதிகம். வராத நாட்களில் அவளோடு ஒரு வீட்டில் இருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. பாத்திரங்களை இடம் மாற்றுவாள், மாற்றியதை மறுபடி மாற்றுவாள், கடைசியில் பறவையோடு சண்டைக்குப் போவாள்.

"திங்குறது, குளிக்கிறது, பாடுறது. உனக்கென்ன கேடு!"

வார்டு அலுவலகத்தில் சிறுதொழில் செய்யும் பெண்களுக்கு ஒரு பயிற்சி நடத்தினார்கள். காலை உணவுப் பொட்டலம் உண்டு என்பதால் கூட்டம் நல்ல கூட்டம். யோக்யாவிலிருந்து வந்திருந்த சின்னப் பெண் ஒருத்தி மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவரையும் 'பு', அதாவது அம்மா, என்று கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

"பு, உங்க வாடிக்கையாளர் யாரு?"

"எல்லாரும்தான்," என்றாள் குஸ்ரினி.

"எல்லாரும்னா யாருமே இல்லைன்னுதான் அர்த்தம், பு. ஒரே ஒரு ஆளைச் சொல்லுங்க. காலைல எழுந்ததும் என்ன பண்ணுவார்? எதுக்குப் பணம் செலவழிக்க யோசிக்கவே மாட்டார்? பொண்டாட்டிக்குத் தெரியாம எதை வாங்கி ஒளிச்சு வைப்பார்?"

கூடம் முழுக்கச் சிரித்தது. குஸ்ரினி சிரிக்கவில்லை. அவள் கண்முன்னால் பாக்யோ வந்து நின்றான். சட்டைக்குள் பறவையின் பூச்சித்தீனிப் பையை மறைத்துக்கொண்டு பின்வாசல் வழியாக நுழைகிற பாக்யோ.

அன்று மாலையிலிருந்து அவள் புருஷனை வேவு பார்க்க ஆரம்பித்தாள். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் அவன் அந்தக் கூண்டோடு என்னதான் செய்கிறான் என்று அவள் ஒருநாளும் கவனித்ததில்லை. இப்போது கவனித்தாள். பறவைகளின் பாட்டுப் பந்தயத்துக்கு முந்தின நாளிலிருந்து பறவைக்கு வெளிச்சம் ஆகாது, கூண்டை மூடிவைக்க வேண்டும். ஆனால் தண்ணீர் மாற்ற ஒவ்வொரு தடவையும் உறையைத் தூக்க வேண்டியிருக்கிறது. தூக்கினால் பறவை மிரளுகிறது. சோலைபாடிக்கு அழகே அந்த நீள வால். அது கம்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டு உறையின் ஜிப்பில் மாட்டி நைந்துபோகிறது. பாக்யோ நைந்த இறகைப் பார்த்துப் பெருமூச்சு விடுவானே தவிர, ஜிப்பை வேறு பக்கம் வைத்தால் என்ன என்று அவனுக்குத் தோன்றியதில்லை. அவனுக்கு மட்டுமல்ல, ஊரில் ஒரு ஆம்பிளைக்கும் தோன்றியதில்லை.

அவள் ஓர் உறை தைத்தாள். தண்ணீர்க் கிண்ணம் இருக்கும் இடத்தில் கை நுழைகிற அளவுக்கு ஒரு திறப்பு, அதற்கு மேல் ஒரு மடிப்பு. ஜிப் வால் படாத பக்கம். உள்ளே கறுப்புத் துணி. காற்றுக்கு மேலே வலை. பழுப்பு நிறம், மிச்சத் துணி. பாக்யோ அதைக் கூண்டில் மாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, பறவையைப் பார்க்காமல் முதல் தடவையாக உறையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"குஸ், இது நல்லா இருக்கு," என்றான். கல்யாணமான நாளாக அவன் அவளுடைய தையலைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை.

அடுத்த வாரம் வாசல் பலகை மாறியது. சோலைபாடிக் கூண்டுறை மட்டும். சந்து முழுக்க வந்து பார்த்துவிட்டுப் போனது. எதிர்வீட்டு பு தார்மி மகளின் சீருடைத் துணியோடு வந்தாள்.

"எடுக்க மாட்டேன்."

"ஏன், உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லை. கூண்டுறை மட்டும்தான்."

"அப்ப எம் பொண்ணைக் கூண்டுல போட்டுக் கொண்டாரட்டுமா?"

அவள் போனதும் குஸ்ரினிக்கு ஓடிப்போய்த் துணியைப் பிடுங்கிக்கொண்டு வரவேண்டும்போல் இருந்தது. லவ்பேர்ட் வளர்க்கிற ஒருவர் வந்தார், அவரையும் அனுப்பினாள். அன்று பாக்யோவே பொறுமை இழந்தான்.

"அதுவும் கூண்டுதானே?"

"அது வேற ஆளு, மாஸ்." அண்ணன் என்கிற மாதிரி ஆம்பிளைகளைக் கூப்பிடும் சொல், எங்கள் ஊரில் புருஷனுக்கும் அதுதான்.

"ஆளு வேறன்னா? ரெண்டு கை, ரெண்டு கால், கையில காசு."

 சொல்லத் தெரியாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். அந்த வாரங்களில் அவள் எத்தனை தடவை வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்திருப்பாள் என்பதை அந்தத் தரைதான் சொல்ல வேண்டும். கடைசியில் வீட்டில் இருக்கமுடியாமல் ஞாயிற்றுக்கிழமை பாக்யோவின் பைக்கில் ஏறி, சந்தைக்குப் பின்னால் இருக்கிற பந்தயத் திடலுக்கே போய்விட்டாள். காப்பி விற்கிற பெண்ணைத் தவிர அங்கே அவள் மட்டும்தான் பெண். எதையும் விற்கவில்லை. கூண்டுகளுக்கு நடுவே நடந்து, நைந்த வால்களை மட்டும் பார்த்தாள்.

"யாரு இவங்க? கணக்கெடுப்பா?" என்று ஒருவர் கேட்டார்.

"என் வீட்டுக்காரி. அந்த உறை தைச்சது இவதான்," என்றான் பாக்யோ. சொன்ன குரலில் பெருமை இருந்தது.

அதன் பிறகு ஆட்கள் வந்தார்கள். முதலில் உறையைத் தொட்டுப் பார்க்க, பிறகு ஆர்டர் கொடுக்க. சோலைபாடி வளர்ப்பவர்கள் ஒரு தனி ஜாதி. ஒருவனுக்குத் தெரிந்தது பொழுது சாய்வதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். சோலோவிலிருந்து வந்தார்கள், யோக்யாவிலிருந்து வந்தார்கள். உறையின் நிறத்துக்காக அரை மணி நேரம் வாதாடினார்கள். பெண்டாட்டியின் கல்யாண உடுப்புக்குக்கூட அவ்வளவு யோசித்திருக்க மாட்டார்கள். குஸ்ரினி நின்றபடியே வாதாடி, நின்றபடியே துணி வெட்டினாள். வீட்டில் ஒரே ஒரு மாற்றம், வாசலுக்கு நடப்பதற்குப் பதிலாக இப்போது வாட்ஸ்அப்பை எடுத்து எடுத்துப் பார்த்தாள்.

பிறகு பாக் மர்சூகியே வந்தார். சோலைபாடி வளர்ப்போர் சங்கத் தலைவர், செங்கல் சூளை வைத்திருப்பவர், ஊரே 'பாக்', அதாவது ஐயா, என்று கூப்பிடுகிறவர். அவருடைய பறவை 'மின்னல்' அந்த மாவட்டத்தில் தோற்று யாரும் பார்த்ததில்லை. வருஷத்தின் பெரிய கோப்பைப் பந்தயம் வருகிறது, சங்கத்துக்காரர்கள் எல்லாருடைய கூண்டுக்கும் ஒரே மாதிரி பச்சை உறை வேண்டும் என்றார்.

"பு குஸ், தொலைவுல பார்த்தாலே நம்ம ஆளுங்கன்னு தெரியணும்."

தைத்து முடித்த பிறகும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இன்னும் ஏதாவது செய்ய வேண்டும். பிரித்ததும் 'அட, குஸ்ரினி தைத்தது' என்று அவர்கள் சொல்ல ஏதாவது ஒன்று. சந்து முனையில் சலவைக் கடை. அங்கே துணிக்கு அடிக்கிற சென்ட்டை லிட்டர் கணக்கில் விற்பார்கள். எங்கள் ஊரில் துவைத்த துணி என்றால் அந்த வாசனை வந்தே தீர வேண்டும், வராவிட்டால் துவைக்கவில்லை என்று திருப்பிக் கொடுப்பவர்களும் உண்டு. குஸ்ரினி ஒரு லிட்டர் மல்லிகை வாங்கிவந்தாள். உறைகளைக் கொடியில் தொங்கவிட்டு உள்ளும் புறமும் பீய்ச்சி அடித்தாள். தெருவே மணத்தது. அடித்து முடித்தபோதுதான் அவளுக்கு மூச்சு சீரானது.

சனிக்கிழமை மாலை எல்லாரும் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். வாயில் கிராம்பு சிகரெட் புகைகிற ஆம்பிளைகளுக்கு மல்லிகை எங்கே தெரியப்போகிறது? ஒருவர் மட்டும் லேசாகத் தும்மினார். பாக்யோவுக்குப் பச்சை உறை தைக்க நேரம் இல்லை.

"ஊருக்கெல்லாம் புதுசு, எனக்குப் பழசா?" என்று முனகிக்கொண்டே தன் பறவை 'பெஜோ'வுக்கு அந்தப் பழுப்பு உறையையே மாட்டினான்.

ஞாயிறு பந்தயத்தில் என்ன நடந்தது என்பதைப் பாக்யோ மாதிரி யாராலும் சொல்ல முடியாது, அவன் இன்னும் சொல்லி முடிக்கவில்லை. சுருக்கம் இதுதான். பச்சை உறைகள் வரிசையாகக் கழன்றன. பறவைகள் இறகைச் சிலுப்பி உட்கார்ந்திருந்தன. பாடவில்லை. 'மின்னல்' ஒரு தடவை வாயைத் திறந்து, ஏதோ தொண்டையில் சிக்கினாற்போல் தலையை உதறிவிட்டு மூடிக்கொண்டது. பாக் மர்சூகி வேலிக்கு வெளியே நின்று விசிலடித்தார், கைதட்டினார், கடைசியில் கெஞ்சினார். எந்தப் பந்தயத்திலும் முதல் பத்துக்குள் வராத 'பெஜோ' அன்று தொண்டை கிழியப் பாடியது. நடுவர்கள் முதல் பரிசுக் கொடியை அதன் கூண்டுக்குக் கீழே குத்தினார்கள். பாக்யோ மைதானத்திலேயே முழங்கால் போட்டு அழுதான்.

அவன் இடுப்பளவு உயரக் கோப்பையைப் பைக்கின் முன்னால் வைத்துக்கொண்டு சந்துக்குள் வந்தபோது குஸ்ரினி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அந்த மகிழ்ச்சி திங்கட்கிழமை மதியம் வரை நீடித்தது.

முதலில் சோலோக்காரர் ஒருவர் ஆர்டரை ரத்து செய்தார். பிறகு இன்னொருவர். காரணம் சொல்லவில்லை. சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் எப்போதும் பறவைக் குரல்தான் பறக்கும். இப்போது ஒரே மௌனம். அவள் போனை வைத்தாள், எடுத்தாள், வைத்தாள். மாலையில் பு தார்மிதான் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, வாய் கொள்ளாத சந்தோஷத்தோடு விஷயத்தைச் சொன்னாள்.

"உன் உறையில நீ ஏதோ வச்சுத் தச்சிட்டியாமே? உன் புருஷனோட பறவை ஜெயிக்கணும்னு. அதான் அவருக்கு மட்டும் பழைய உறையாம். சந்தையில அதான் பேச்சு."

குஸ்ரினி மதிலைவிட்டு விலகி வந்தாள். சீருடை தைப்பவளாக இருந்திருந்தால் ஒரு தெரு போனால் இன்னொரு தெரு. இவளுக்கு இருப்பது ஒரே தெரு. அதில் எல்லாரும் ஒருவரையொருவர் மாமன் மச்சான் என்று கூப்பிடுகிறவர்கள். இந்தப் பேச்சு நிலைத்துவிட்டால் அவளிடம் இனி ஒரு ஆள்கூட ஓர் உறை வாங்க மாட்டான்.

நான் எதையும் வைக்கவில்லையே என்று அவள் தனக்குத்தானே சத்தமாகச் சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் சுற்றினாள். மூலையில், தையல் கோணிப்போனதால் யாருக்கும் கொடுக்காத ஒரு பச்சை உறை கிடந்தது. எடுத்தாள். மல்லிகை குப்பென்று முகத்தில் அடித்தது. இரண்டு தடவை தும்மினாள். உறையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

மறுநாள் பாக்யோ கடைக்குப் போனதும் 'பெஜோ' மதியத் தூக்கம் போடும் நேரத்தில் அந்தப் பச்சை உறையை மாட்டினாள். தினமும் பிற்பகல் அஸர் தொழுகை அழைப்போடு போட்டி போட்டுக்கொண்டு பாடுகிற பறவை அது. அழைப்பு வந்தது, முடிந்தது. கூண்டு சத்தமில்லாமல் இருந்தது. அவள் உறையைப் பிடுங்கி எறிந்தாள். பறவை இறகைச் சிலுப்பிக்கொண்டு, கண் பாதி மூடி உட்கார்ந்திருந்தது.  கூண்டை முற்றத்துக்குக் கொண்டுபோய் விசிறினாள், தண்ணீர் வைத்தாள், முந்தின வாரம் வரை திட்டிக்கொண்டிருந்த பறவையிடம் கெஞ்சினாள். ஒருவழியாக அது கால் மாற்றி உட்கார்ந்து ஒரு சத்தம் கொடுத்தது.

பாக்யோ வந்ததும் செருப்பைக் கழற்றவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் கேட்டான். நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே கேட்டான்.

"அப்ப பெஜோ ஜெயிக்கலை," என்றான்.

"பாடிச்சு, மாஸ். நல்லாத்தான் பாடிச்சு."

"மின்னல் பாடியிருந்தா?"

அவள் பச்சை உறையை எடுத்துச் சுருட்டி மூலையில் போட்டாள்.

"யார்கிட்டயும் சொல்லாத, குஸ். வியாழக்கிழமை விருந்துக்குக் கடை ஆளுங்க, சங்கத்து ஆளுங்க எல்லாரையும் கூப்பிட்டுட்டேன். அது முடியட்டும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என் வீட்டுக்குக் கோப்பை பார்க்க ஆளு வரட்டும்."

அவன் எதையும் கேட்கிற ஆளில்லை. இத்தனை வருஷத்தில் அவளிடம் அவன் கேட்டது இந்த ஒன்றுதான். சரி என்றாள். சொல்லிவிட்டு வியாழக்கிழமை வரை செத்துச் செத்துப் பிழைத்தாள்.

விருந்துக்கு அவளேதான் சமைத்தாள். மஞ்சள் சோற்றைக் கோபுரமாகக் குவித்து, சுற்றிலும் கோழி, முட்டை, வறுத்த தெம்பே வைத்து நடுக்கூடத்தில் இறக்கினாள். கோப்பை அலமாரியின் மேல் பளபளத்தது. பாக்யோ இஸ்திரி போட்ட பாத்திக் துணிச் சட்டையில், ஒரு கையில் தட்டோடு, உரக்கடை முதலாளிக்கு 'பெஜோ' எப்படிப் பாடியது என்று செய்து காட்டிக்கொண்டிருந்தான். சங்கத்து ஆட்களும் வந்திருந்தார்கள், மரியாதைக்கு. பாய் ஓரத்தில் ஒட்டியும் ஒட்டாமலும் உட்கார்ந்திருந்தார்கள். பாக் மர்சூகி மட்டும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, குஸ்ரினி சோறு பரிமாற வந்தபோது எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"பு குஸ் கைக்குத் தனி ராசிதான். தைக்கிறப்பவே யார் ஜெயிக்கணும்னு சேர்த்துத் தைச்சிடுவாங்க போல."

சிலர் சிரித்தார்கள். அது சிரிப்பல்ல என்று எல்லாருக்கும் தெரிந்தது. பாக்யோ அவளைப் பார்த்தான். வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினான். அவள் அகப்பையைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வரை போனாள். திரும்பி வந்தாள். மறுபடி போனாள். பிறகு கூடத்தின் நடுவில் வந்து நின்று, படபடவென்று சொல்லித் தீர்த்தாள்.

"நான் எதையும் வச்சுத் தைக்கலை. சென்ட் அடிச்சேன். சலவைக் கடை மல்லிகை. நல்லா மணக்கட்டும், நீங்க சந்தோஷப்படுவீங்கன்னு அடிச்சேன். ராத்திரி முழுக்க அதுங்க அதைத்தான் சுவாசிச்சிருக்கு. அதான் பாடலை. எங்க பறவை மேலயும் போட்டுப் பார்த்தேன், அதுவும் பாடலை. இவருக்குப் பழைய உறைன்னா, எனக்கு நேரம் இல்லை, அவ்வளவுதான். வேற ஒண்ணுமே இல்லை."

யாரும் சாப்பிடவில்லை. பாக் மர்சூகி எழுந்து, மூலையில் கிடந்த பச்சை உறையை எடுத்து மூக்கில் வைத்தார். சிகரெட்டை வெளியே எறிந்துவிட்டு வந்து மறுபடி மோந்தார். தும்மினார்.

"என் பொண்டாட்டி சொன்னா," என்றார் மெதுவாக. "மல்லிகை வாசம் வருது, எவ வீட்டுக்குப் போயிட்டு வந்தீங்கன்னு என்னைத்தான் கேட்டா."

இந்தத் தடவை கூடம் நிஜமாகவே சிரித்தது. ஒருவர் பாயில் புரண்டு சிரித்தார். பாக்யோ சிரிக்கவில்லை. எழுந்துபோய்க் கோப்பையை இறக்கி மஞ்சள் சோற்றுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"இதை எடுத்துக்கிட்டுப் போங்க, பாக்."

"உட்காருங்க, மாஸ் பாக்யோ. பாடாத பறவைக்கு யாரு கோப்பை கொடுப்பாங்க? அது உங்களுதுதான்."

"எனக்கு வேண்டாம்."

யாரும் எடுக்கவில்லை. விருந்து முடிந்து ஆட்கள் போன பிறகும் அது சோற்றுப் பருக்கைகளுக்கு நடுவே அங்கேயே இருந்தது. குஸ்ரினி பாத்திரம் கழுவிக்கொண்டே அழுதாள். அவன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவனோ, காலையில் கோப்பையைப் பைக்கில் கட்டிக்கொண்டுபோய் பாக் மர்சூகியின் சூளை வாசலில் வைத்துவிட்டு வந்தான்.

அவள் பச்சை உறைகள் எல்லாவற்றையும் திரும்ப வாங்கி, சோப்பில்லாமல் வெந்நீரில் அலசி அலசி, வாசனை போகும் வரை வெயிலில் போட்டாள். அடுத்த பந்தயத்தில் 'மின்னல்' பாடியது. திடலே அமைதியாகிக் கேட்டது. 'பெஜோ'வும் பாடியது, யாரும் அதன் பக்கம் கொடியோடு வரவில்லை. பந்தயம் முடிந்ததும் ஆட்கள் குஸ்ரினியைச் சூழ்ந்துகொண்டார்கள். ஆர்டர் ரத்து செய்த சோலோக்காரர் இரண்டு மடங்காக ஆர்டர் கொடுத்தார்.

"புருஷன் கோப்பை போனாலும் பரவாயில்லைன்னு உண்மையைச் சொன்ன ஆளு," என்று அவர் பக்கத்தில் நின்ற புதியவரிடம் சொன்னார். "நம்மகிட்டயா ஏமாத்தப் போறாங்க?"

இரண்டடி தள்ளி, கூண்டைப் பைக்கில் கட்டிக்கொண்டிருந்த பாக்யோவுக்கு அது கேட்டது. குஸ்ரினி கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவனிடம் ஓடினாள். கூண்டின் கயிற்றைப் பிடித்தாள்.

"போ," என்றான் அவன். "ஆளுங்க காத்துக்கிட்டிருக்காங்க."

அந்தப் பேச்சு அவர்களுக்கு முன்னால் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது. எந்தப் பலகையும் செய்யாத வேலையை அது செய்தது. செமாராங்கிலிருந்தும் மலாங்கிலிருந்தும் முகம் தெரியாதவர்கள் கூப்பிட்டார்கள். கூடவே இரண்டு மெஷின் வாங்கி, தைக்க ஆள் போட்டார்கள். குஸ்ரினி மூன்றுக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தாள். போனை எடுக்க அவளுக்கு நேரம் இல்லை என்று பாக்யோ உரக்கடை வேலையை விட்டுவிட்டு அந்த வேலையை எடுத்துக்கொண்டான். கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றுதான்.

"புருஷன் ஜெயிச்ச கோப்பையையே விட்டுக்கொடுத்த தையல்காரி வீடு இதுதானே?"

குஸ்ரினி துணி வெட்டுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள், ஒவ்வொரு தடவையும்.

"ஆமா, இதேதான்," என்பான் பாக்யோ. "உங்களுக்கு எத்தனை வேணும்?"